மூத்தாள் படம்

விளக்கை அணைத்துத் தொலைக்க மாட்டேன் என்கிறார்கள். மூன்று மணிக்குப் படம் என்று போட்டிருந்தது, மூன்றேகால் தாண்டிவிட்டது, அந்த அம்மாள் மைக்கை விடுகிற வழியாக இல்லை. கைத்தறிப் புடவை, அகலப் பொட்டு, நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மௌனம், மௌனம் என்கிறாள். மௌனப் படத்துக்கு இத்தனை பேச்சு. சிதம்பரநாதன் கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலைச் செருப்புக்குள் மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார். கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. மூன்றாவது வரிசை, நடு இடம், அதுதான் அவருடையது. வேறு யாராவது அங்கே இருந்தால் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவார், எழுந்து போய்விடுவார்கள். இன்றைக்கு என்னவோ கதவுப் பக்கம் போதும் என்று தோன்றிவிட்டது. மார்கா ஃபெல்டன் மொத்தம் பதினேழு படங்களில் நடித்தாள் என்றாள் அந்த அம்மாள். பத்தொன்பது. இரண்டு படம் கிடங்கோடு எரிந்துபோயிற்று, எரிந்துபோனால் நடிக்கவில்லை என்று ஆகிவிடுமா? வேறு நாளாக இருந்தால் கை தானாக மேலே போயிருக்கும். அந்தக் கையைக் கண்டாலே இந்த ஊரில் படம் காட்டுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சிதம்பரநாதன் சார் கையைத் தூக்கிட்டார்டா, டீயைக் கொண்டாந்துடு, என்று ஒரு தடவை யாரோ கிசுகிசுத்தது அவர் காதிலேயே விழுந்தது. விழட்டும். தப்பைத் தப்பு என்று சொல்ல ஒருத்தன் வேண்டாமா. இன்றைக்குக் கை மடியில் கிடந்தது. கைக்குக் கீழே போன். போனுக்குள் அருள்மொழி. நாலரைக்கெல்லாம் வந்துடணும்ப்பா, அம்மாவை உள்ளே கூட்டிட்டுப் போறப்ப நீங்க இருக்கணும், நாலரை, சரியா, என்று பெற்ற மகளே சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி விரலை நீட்டிச் சொல்லி அனுப்பினாள். ஐந்து மணிக்கு ஆபரேஷன். படம் ஒண்ணேகால் மணி நேரம். மூன்றுக்கு ஆரம்பித்திருந்தால் நாலேகாலுக்கு முடியும், ஆட்டோவில் பத்து நிமிஷம், சரியாக இருந்திருக்கும். கணக்கு அப்படித்தான் போட்டார். இப்போது கணக்கு உதைக்கிறது. பேசட்டும், இன்னும் பேசட்டும், பேசினால் நாலரை தாண்டும், தாண்டினால்... அந்த இடத்தில் நினைப்பு கல்லில் தட்டின சக்கரம் மாதிரி நின்றது. தாண்டட்டும் என்றா நினைத்தேன்? சீ. செருப்பைக் கழற்றினார். மாட்டினார்.

ரெண்டு பின்னல். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. காலையிலிருந்து சரியாகத்தான் இருந்தார். டாக்டர் வந்து ஒரு தாளில் இதயத்தை வரைந்து, இது கதவு மாதிரிம்மா, சரியா மூடலை, ரத்தம் பின்னாடி வழியுது, மாத்திடப் போறோம் என்று சொன்னபோதுகூடச் சரியாகத்தான் இருந்தார். பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருஷம் மதகு வரைந்த கை, அந்தப் படத்தைப் பார்த்ததும் அளவு தப்பு என்றுதான் முதலில் பட்டது. பாதிக்குப் பாதி சார், வயசு எழுபது பாருங்க, என்று வராந்தாவில் அவரிடம் மட்டும் தனியாகச் சொன்னதையும் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் அந்த நர்ஸ் பெண் சீப்பும் ரப்பர் பேண்டுமாக வந்தாள். அம்மா, தலை பின்னிடலாமா? ஆபரேஷனுக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தானாம், தொப்பிக்குள் முடி அடங்க வேண்டுமே. நடுவகிடு எடுத்து ரெண்டு பக்கமும் பின்னி முடித்தாள். மூக்குத்தி இல்லாத மூக்கில் ஒரு பொட்டு ஓட்டை. தாலியைக் கழற்றி அருள்மொழியின் கைக்குட்டையில் முடிந்தாகிவிட்டது. பச்சை அங்கியில் ரெண்டு நரைத்த பின்னலோடு கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? சௌந்தரமா? பள்ளிக்கூட வாசலில் யாரோ வந்து கூட்டிப்போவதற்காக உட்கார வைத்த பிள்ளை மாதிரி. "எப்படி இருக்கு? எட்டாங் கிளாஸ் மாதிரி இல்லை?" என்றாள். "ம்" என்றார். "என்ன ம்? காலையிலேருந்து அந்த ஜன்னல் திரையை இழுத்து இழுத்து மூடறீங்க. எனக்கு மூச்சு முட்டுது. இன்னைக்குத்தானே உங்க மூத்தாள் படம்? பேப்பர்ல போட்டிருந்தான். போய்ப் பார்த்துட்டு வாங்க." "அதெல்லாம் வேண்டாம்." "போங்கன்னா. இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க? வந்து கதையைச் சொல்லுங்க." அம்மா, நீ சும்மா இரு, என்றாள் அருள்மொழி. ஆனால் அதற்குள் அவர் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அதுதான் கேவலம். ஒரு தடவை மறுத்துவிட்டு இன்னொரு தடவை மறுக்கவில்லை.

அப்பாடா. அணைத்தார்கள். மேடை ஓரத்தில் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் விரலைச் சொடுக்கிக்கொண்டு ஆரம்பித்தான். வெள்ளைத் திரையில் ஜெர்மன் எழுத்து, அடியில் இங்கிலீஷ் எழுத்து. மதகுக்காரன் மனைவி. திரைப்படச் சங்கத்தில் அந்தக் காலத்தில் அவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் அது. கால்வாய். படகு வந்து நிற்கிறது. மதகுக்காரன் சக்கரத்தைச் சுற்றுகிறான், கதவு மூடுகிறது, நீர் ஏறுகிறது, படகு ஏறுகிறது. என்ன சுத்தம்! அன்றைக்குப் பார்த்த பிரதியில் மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக இருந்தது, நீர் எது கீறல் எது என்று தெரியாது. இதில் கதவின் கீல்வரைக்கும் தெரிகிறது. கீழ்க் கதவு கொஞ்சம் கசிகிறது. ரத்தம் பின்னாடி வழியுது. சே. இதோ வந்துவிட்டாள். தலையில் துணி கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு, வாசலில். மார்கா. அகலக் கண், கொஞ்சம் தடித்த கீழுதடு, கழுத்தில் எப்போதும் எதையோ கேட்டுவிட்ட மாதிரி ஒரு திருப்பு. புருஷன் பொறாமைக்காரன். படகுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று கால்வாய்ப் பக்க ஜன்னலை ஆணி அடித்துச் சாத்தி வைத்திருக்கிறான். திருவல்லிக்கேணி அறையில் இவள் படம் மாட்டியிருந்தது, ஜெர்மன் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டியது. கல்யாணமாகி வந்த அன்று பெட்டியைக் கீழே வைக்காமலே சௌந்தரம் கேட்டாள்: "யாரு இது?" "நடிகை. செத்துப் போயிருப்பா இப்ப." "எனக்கு முன்னாடியே வந்து மாட்டிக்கிட்டாளே. அப்ப இவதான் மூத்தாள். நான் இளையாள்." அன்றைக்கு ஆரம்பித்தது. மூத்தாளுக்குத் தூசி தட்டியாச்சா, மூத்தாளைக் கொஞ்சம் நகர்த்துங்க காலண்டர் மாட்டணும், மூத்தாள் சாப்பிடுவாளா வத்தக்குழம்பு. அவருக்கு எரிச்சலாக வரும். வாயை மூடு என்பார். அவள் மூடமாட்டாள். கேசட் வந்த காலத்தில் கேசட், அப்புறம் டிவிடி தட்டு, அப்புறம் பேரன் காட்டிக்கொடுத்த போனில் துண்டு துண்டாக என்று மார்காவின் படங்களில் மிச்சம் இருக்கிற அத்தனையையும் பார்த்துவிட்டார், இது ஒன்றைத் தவிர. எல்லாவற்றிலும் ஒரே ஒரு சாடையைத்தான் தேடினார். அது இந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது, இந்தப் படம் எங்கேயும் கிடைக்கவில்லை. இப்போது எந்தக் கிடங்கிலிருந்தோ எடுத்துத் துடைத்துக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்றைக்கு. கொண்டுவருவதற்கு வேறு நாள் கிடைக்கவில்லை.

குளிருகிறது. இந்த ஏசியை எதற்கு இப்படிப் போடுகிறார்கள். ஆபரேஷன் அறையும் இப்படித்தான் இருக்குமாம். அவளுக்குக் குளிர் ஆகாது. போர்த்துவார்களா? மார்பைத் திறக்கிற இடத்தில் எதைப் போர்த்துவார்கள். வேண்டாம், படத்தைப் பார். எழுபத்தொன்பதில், ஐப்பசி மாசம், பள்ளிக்கூட ஹாலில் மடக்கு நாற்காலி போட்டுச் சங்கம் காட்டியது. ஐந்து டப்பா பிலிம். பக்கத்து நாற்காலியில் சௌந்தரம். ஜெர்மன் எழுத்து மட்டும்தான், அடியில் ஒன்றும் கிடையாது. சங்கச் செயலாளர் தணிகாசலம் டார்ச் விளக்கில் தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அட்டைக்கும் தமிழில் வாசிப்பார், அவள் சொல்கிறாள், நீ என்னை நம்பவில்லை, என்று ரேடியோ நாடகக் குரலில். நாலாவது டப்பாவில் அவள் மதகில் குதித்துவிட்டாள். நீர் மூடுகிறது. துணி மிதக்கிறது. புருஷன் மண்டியிட்டு அழுகிறான். சரி, தீர்ந்தது என்று ஆளாளுக்குச் செருப்பைத் தேடுகிற நேரத்தில் ஐந்தாவது டப்பாவைப் போட்டார்கள். அதில் கதவைத் திறந்துகொண்டு அவள் வருகிறாள்! செத்தவள் வருகிறாள். தலை சொட்டச் சொட்ட. நேராகப் போய் ஆணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்து, வெளியே பார்த்து, சிரிக்கிறாள். வாய்விட்டு. சத்தம் கிடையாது, ஆனால் ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் என்னென்னவோ நடந்து, வெறும் கால்வாயில் படம் நின்றுவிட்டது. முடிவு என்ற அட்டைகூட இல்லை, வால் தேய்ந்த பிரதி. ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. பிறகு ஆரம்பித்தது பேச்சு. தணிகாசலம் மரணத்துக்கு அப்பால் உள்ள காலம் என்றார். வங்கியில் வேலை பார்த்த ஒருத்தர், இது அவன் காணும் கனவு, குற்ற உணர்ச்சி என்றார். கனவு இல்லை, நனவு, அதுதான் புதுமை என்று சிதம்பரநாதன் எகிறினார். காவல்காரன் சாவிக்கொத்தை ஆட்டுகிறவரைக்கும் பேசினார்கள். தணிகாசலம் ஒரு சிறுபத்திரிகையில் எட்டுப் பக்கம் எழுதவும் எழுதிவிட்டார். அடுத்த மாசம் பெங்களூர்ச் சங்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது: கடைசி இரண்டு டப்பாக்களும் முன்னமே எந்த ஊரிலோ மாறிப்போயிருக்கின்றன, ஐந்தில் இருப்பது நான்கு, நான்கில் இருப்பது ஐந்து, நீங்கள் சரியாகத்தானே காட்டினீர்கள்? அதாவது அவள் ஜன்னலைத் திறக்கிறாள், சிரிக்கிறாள், அப்புறம்தான் குதிக்கிறாள். குதித்தவள் குதித்தவள்தான். படம் கைமாறி எங்கேயோ போய்விட்டது, திரும்பப் பார்க்க வழி இல்லை. தணிகாசலம் கொஞ்ச நாள் தெருவில் யாரைக் கண்டாலும் எதிர்ப்பக்கம் போனார். சௌந்தரத்திடம் வந்து விஷயத்தைச் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அதனால என்ன? நாம பார்த்ததுல வந்துட்டால்ல?" "அது தப்பு. டப்பா மாறிப்போச்சுன்னு சொல்றேன்." "மாறட்டும். எனக்கு அதுதான் படம்."

பையன் கீபோர்டில் தடதடவென்று என்னவோ வாசிக்கிறான். மடியில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வெளிச்சம் மூஞ்சியில் அடிக்க. அப்பா எங்க இருக்கீங்க. கேள்விக்குறிகூட இல்லை. மணி நாலு ஐந்து. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், ஜீன்ஸ், காதில் வளையம், பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், லைட்!" என்றாள். "தெரியுது," என்றார். "தெரிஞ்சா ஆஃப் பண்ணுங்களேன். படம் பார்க்கத்தானே வந்திருக்கோம்." அவர் முப்பது வருஷமாக மற்றவர்களிடம் சொன்னது. அதே வார்த்தை. போனைக் கவிழ்த்து வைத்தார். படம் பார்க்கத்தான் வந்திருக்கிறோம். படம் பார்க்கத்தான் எப்போதும் வந்திருக்கிறோம். அம்மா போன அன்று எங்கே இருந்தார்? ஒரு ரஷ்யப் படத்தில். அருள்மொழி பிறந்த அன்று? ஹாலின் பெயர்கூட ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றால் நெஞ்சுக்குள் எலி ஓடும், அங்கே நின்று நான் என்ன பண்ண, என்று கிளம்பிவிடுவார். நீங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க என்று அவள் அவருக்காக அதை வார்த்தையாகவும் பண்ணிக் கொடுத்துவிட்டாள், நாற்பத்தைந்து வருஷமாக, நல்ல சட்டையை எடுத்து வைப்பது மாதிரி. இருட்டில் உட்கார்ந்தால் பயம் இல்லை. இருட்டில் நடப்பதெல்லாம் முன்னமே நடந்து முடிந்தது, யாரோ சுருட்டி டப்பாவில் போட்டது. இன்றைக்கு மட்டும் இருட்டு வேலை செய்யவில்லை. ஏனென்றால் இன்றைக்கு டப்பா மாறாது. இன்றைக்கு நாலு நாலாகவும் ஐந்து ஐந்தாகவும் வரும். அவள் சிரித்துவிட்டுக் குதிப்பாள், நீர் மூடும், முடிவு என்று அட்டை போடுவான், விளக்கு எரியும், வெளியே போனால் போனில் என்ன இருக்கும்? ஜாதகம் பார்க்காமல் மகளுக்குக் கல்யாணம் பண்ணினவர். பல்லி விழுந்தால் தட்டிவிட்டுப் போகிறவர். ஒரு ஜெர்மன்காரி நூறு வருஷத்துக்கு முன்னால் நடிப்புக்குக் குதித்ததற்கும் இங்கே ஒரு கட்டிலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு சம்பந்தமும் இல்லை என்று உதடு அசையச் சொன்னார். காது வளையம் திரும்பிப் பார்த்தது. இப்போது எழுந்தால் நாலரைக்குப் போய்விடலாம். எழுந்தால் அந்த ரெண்டு பின்னலைப் பார்க்க வேண்டும், அது ஒரு சக்கரக் கட்டிலில் நகர்ந்து ஒரு கதவுக்குள் போவதைப் பார்க்க வேண்டும். எழாவிட்டால் பார்க்க வேண்டாம். எழாவிட்டால் அவள் பார்ப்பாள், வராந்தாவின் அந்தக் கோடிவரைக்கும். இங்கே அங்கே என்று பார்த்துவிட்டு, அருள்மொழியிடம், விடுடி, படம் லேட்டா ஆரம்பிச்சிருப்பான், என்பாள். அதையும் அவளேதான் சொல்வாள். ஜன்னல் மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். அந்த ஈரத் தலை. அதற்காகத்தானே வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

வருகிறது. புருஷன் ஊருக்குப் போகிறான். அவள் வாளியை வைக்கிறாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறாள். சிதம்பரநாதன் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். தலைத்துணியை அவிழ்க்கிறாள். படம் தொடங்கினதிலிருந்து அவிழ்க்காத துணி. உள்ளே இருந்து ரெண்டு பின்னல் விழுந்தது. ரெண்டு. தோளுக்கு ஒன்றாக. உலர்ந்த, வழவழவென்று இழுத்து வாரின, சிறுபிள்ளைப் பின்னல். ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆணியைப் பிடுங்குகிறாள், ஜன்னலைத் திறக்கிறாள், வெளிச்சம் அடிக்கிறது, சிரிக்கிறாள், பின்னல் நுனியில் கட்டின நாடாகூடத் தெரிகிறது. எங்கே ஈரம்? துடைக்கிறேன் துடைக்கிறேன் என்று தண்ணீரையும் துடைத்துவிட்டார்களா? தண்ணீரை எப்படித் துடைப்பார்கள், மடையா. இது வேறு பிரதி. வேறு தடவை எடுத்த காட்சி. இல்லை. அதே திருப்பு, அதே கீழுதடு, ஜன்னல் கதவில் அதே பிளவு. தலை மட்டும் உலர்ந்திருக்கிறது. எத்தனை கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன், சொட்டச் சொட்ட அவள் உள்ளே வந்தாள், அந்த ஈரம்தான் சினிமா, என்று. இந்தக் காது வளையத்தின் வயசுப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பின் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? யாருடைய ஈரம்? தரையில் சொட்டியது. சிமெண்டுத் தரை. சிவப்புச் சிமெண்டு, மூலையில் பெயர்ந்தது. ஜெர்மன்காரி வீட்டில் ஏது சிவப்புச் சிமெண்டு? இது பலகைத் தரை. சிவப்புச் சிமெண்டு திருவல்லிக்கேணி. அந்தப் படம் பார்த்த அப்புறம் வந்த தீபாவளி. தலை தீபாவளி. மாமனார் மன்னார்குடியிலிருந்து வந்து வேட்டி துண்டு வைத்து அழைத்துவிட்டுப் போனார், சங்கத்தில் தொடர்ந்து நாலு நாள் படம் இருந்தது, நீ முன்னாடி போ, நான் வந்துடறேன் என்று இவர் சௌந்தரத்தை மட்டும் பஸ் ஏற்றிவிட்டார். போகவில்லை. எண்ணெயும் மோதிரமும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் மாப்பிள்ளைக்குக் காத்துக் கிடந்தார்கள். ஊர் முழுக்க வெடித்தது. மாமனார் ஒரே வரி எழுதினார், பெண் இனி அங்கே வராது. கார்த்திகை பிறந்து பாதி ஓடியது. படம் முடிந்து அறைக்கு வந்தால் ஜன்னலைக்கூடத் திறக்காமல் படுத்துக்கிடந்தார், கரிந்த ரவைச் சட்டி கழுவாமல், மாட்டின இடத்தில் மார்கா. சௌந்தரம் வரமாட்டாள் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் ஒரு காலை, புயல் மழை, கதவு திறந்தது. யாரிடமும் சொல்லாமல் ராத்திரி பஸ்ஸில் கிளம்பி வந்துவிட்டாள். தலையிலிருந்து கால்வரை நனைந்து. பையைப் போட்டாள். நேராகப் போய் அந்த ஜன்னலைத் தள்ளினாள், அது இறுகிப்போய் வரமாட்டேன் என்றது, தோளால் இடித்தாள், திறந்துகொண்டது, மழை உள்ளே அடித்தது, திரும்பி அவரையும் சட்டியையும் பார்த்து, சிரித்தாள். வாய்விட்டு. "இருட்டுல உட்கார்ந்து யாரைத் தேடறீங்க?" சத்தத்தோடு. கூந்தலிலிருந்து சிவப்புச் சிமெண்டில் சொட்டு சொட்டாக.

நாற்பத்தைந்து வருஷம் அவளைக் கொண்டுபோய் இந்த ஜன்னலில் ஒட்டிவைத்துவிட்டு, ஊர் ஊராகத் தேடியிருக்கிறேன், என்று நினைத்தபோது எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. திரையில் மார்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ரெண்டு பின்னலோடு. பயமுறுத்தவில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை எங்கேயோ கிளம்புகிற மாதிரி. இதைப் பார்க்க முடியாமலா ஓடிவந்தேன்? முழங்கால் முன்னால் இருந்த நாற்காலியில் இடித்தது. "சார், இன்னும் முடியலை," என்றது காது வளையம், இந்தத் தடவை கொஞ்சம் இரக்கமாக. "தெரியும்," என்றார். கதவுக்கு வெளியே, படம் ஏற்பாடு செய்த இளைஞன் சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவன், விறைத்து நிமிர்ந்தான். "என்ன சார், நீங்களே பாதியில? பிரிண்ட்ல ஏதாவது தப்பா சார்?" "பிரிண்ட் சரியாத்தான் இருக்கு," என்றார் சிதம்பரநாதன். "ஆட்டோ எங்கய்யா நிக்கும்?"

வெயில் கண்ணில் குத்தியது. ஆட்டோக்காரன் எவ்வளவு என்று சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். சிக்னல். ஒரு பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு பஸ். ஓட்டுய்யா. எங்க சார் ஓட்டறது, மேலயா ஏத்தறது? மணி பார்க்கவில்லை. பார்த்தால் ஓர் எண் தெரியும், அந்த எண்ணை வைத்துக்கொண்டு நெஞ்சுக்குள் எலி ஓடும். ஒரு வேளை முன்னாடியே கூட்டிப்போயிருப்பார்கள், டாக்டருக்கு அவசரம், முதல் ஆளுக்குச் சீக்கிரம் முடிந்திருக்கும், வராந்தா காலியாக இருக்கும், கட்டில் விரிப்பைப் புதுசாக மாற்றியிருப்பார்கள். இறங்கி, கையில் வந்த நோட்டைக் கொடுத்துவிட்டு, சார் சில்லறை என்று அவன் கத்துவதைக் கேட்காமல், படியில் ஏறினார். மூன்று மாடி. வாழ்நாளில் படம் ஆரம்பித்துவிட்டது என்றால் மட்டும்தான் இப்படி ஏறியிருக்கிறார். மூச்சு தொண்டையில் அறுத்தது. வராந்தாவின் திருப்பத்தில் அருள்மொழியின் முதுகு தெரிந்தது, அப்புறம் சக்கரக் கட்டில், அப்புறம் திறந்து நின்ற லிஃப்ட். கட்டிலின் முன்பாதி உள்ளே போய்விட்டது. "அப்பா!" என்றாள் அருள்மொழி, திட்டுகிற குரலில் ஆரம்பித்து வேறு என்னவோ குரலில் முடித்தாள். தொப்பி போட்டுவிட்டார்கள். பின்னல் ரெண்டும் உள்ளே. ஒன்று மட்டும் அடங்காமல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொப்பிக்குக் கீழே அந்தக் கண் அவரைப் பார்த்துவிட்டுச் சுருங்கியது.

"அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"இல்லை. பாதியில வந்துட்டேன்."

"நீங்களா?" ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சியாக அவள் குமட்டுகிறது என்று எழுந்தபோது, இன்னும் ஒரு ரீல்தான், உட்காரு என்றவர். ஊசி மருந்தில் நாக்கு கொஞ்சம் குழறியது. "எங்க மூத்தாள்? குதிச்சுட்டாளா?"

"தெரியாது. ஜன்னலைத் திறந்தா. நான் கிளம்பிட்டேன்."

"ஈரத் தலையோட வந்தாளா?"

இல்லை. உலர்ந்த தலை. ரெண்டு பின்னல். இவ்வளவு வருஷம் நான் சொன்னது தப்பு. வாய்வரைக்கும் வந்துவிட்டது. தப்பைக் கண்டால் தூக்குகிற கை லேசாக மேலே போகக்கூடப் போயிற்று. அந்தக் கையை அவள் கம்பிக்கு மேலாக எட்டிப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பின்னல் நுனியை இன்னொரு கையால் தொப்பிக்குள் தள்ளிவிட்டார்.

"ஆமா," என்றார். "சொட்டச் சொட்ட."

அவள் சிரித்தாள். பல்செட்டு கழற்றின வாய். அப்படித்தான், என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

"பெரியவரே, கையை எடுங்க. கதவை மூடணும்," என்றான் கட்டில் தள்ளுகிறவன்.

"இருய்யா," என்றார் சிதம்பரநாதன். "இன்னும் முடியலை."